சாகத் தெரிந்த செல்கள்

ஒரு செல் சாவதை நேரில் பார்த்திருக்கிறேன். நுண்ணோக்கியில் கண்ணை வைத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு, உயிரோடு வளர்ந்துகொண்டிருந்த ஒரு கருவுக்குள் பார்த்தேன். நிமிர்ந்தபோது கண் நனைந்திருந்தது. இத்தனை அழகான ஒன்றைப் பார்க்காமலே இத்தனை வருஷம் பாடம் நடத்தியிருக்கிறோமே என்று தவிப்பு. இப்போதாவது பார்த்தோமே என்று பூரிப்பு. அன்றிலிருந்து பார்ப்பவர்களிடமெல்லாம் இதைச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். இப்போது உங்களிடம் சொல்கிறேன்.

எனக்கு ஊர் அனுப்பம்பட்டு. மீஞ்சூருக்கும் பொன்னேரிக்கும் நடுவில் மின்சார ரயில் ஒரு நிமிஷம் நின்று போகிற ஊர். அம்மா பிறந்தது பழவேற்காடு ஏரிக்கரைக் குப்பம் ஒன்றில். மாமா இன்றைக்கும் அங்கே வலை போடுகிறார். நான் மேல்நிலைப் பள்ளியில் விலங்கியல் ஆசிரியை. ஒரு கோடை விடுமுறையில், ஆசிரியர்களுக்கான ஆய்வுக்கூடப் பயிற்சி என்று சென்னைக்குப் போனேன். ஐந்து நாள், தினமும் ரயில். நான்காம் நாள் மத்தியானம்தான் அது நடந்தது.

கண்ணாடித் தகட்டில் சின்னதாக அகர் பரப்பி, அதன் மேல் புழு முட்டைகளை வைத்துக் கொடுத்தார்கள். கீனோராப்டைட்டிஸ் எலிகன்ஸ் என்ற உருளைப்புழு. வளர்ந்தாலே ஒரு மில்லிமீட்டர்தான். முட்டை அதில் இருபதில் ஒரு பங்கு. உடம்பு முழுக்கக் கண்ணாடி. சாயம் ஏற்றாமல், ஒளியின் மேடுபள்ளத்தை மட்டும் வைத்தே உள்ளே ஒவ்வொரு செல்லையும் காட்டுகிற நோமார்ஸ்கி முறை நுண்ணோக்கி அது. கரு கால்புள்ளி மாதிரி வளைந்துகொண்டிருந்தது. தலைப்பக்கம் ஒரு செல்லைக் காட்டி, "இதையே பாருங்க மேடம், கண்ணை எடுக்காதீங்க" என்றார் ஆய்வு மாணவர். அது நரம்பு வம்சத்தில் பிறந்த செல். அக்கம்பக்கத்துச் செல்களெல்லாம் மணல் மணலாக, மங்கலாக இருக்க, இது மட்டும் மெல்ல வழவழப்பானது. சுருங்கியது. பிறகு சட்டைப் பொத்தான் மாதிரி பளபளவென்று தட்டையான ஒரு வட்டமாகி நின்றது. அதுதான் சவம். கொஞ்ச நேரத்தில் பக்கத்துச் செல் அதை அணைப்பதுபோல் சுற்றி வளைத்து, உள்ளே இழுத்துக்கொண்டது. ஒரு மணி நேரத்துக்குள் அந்த இடத்தில் தடமே இல்லை. வீக்கம் இல்லை, கசிவு இல்லை. கரு தன் பாட்டுக்கு வளர்ந்துகொண்டிருந்தது.

எண்ணைக் கேளுங்கள், அசந்துபோவீர்கள். இருபால் புழு ஒன்று வளரும்போது அதன் உடலில் 1,090 செல்கள் பிறக்கின்றன. அவற்றில் 131 சாகின்றன. மீதி 959. எந்தப் புழுவை எடுத்தாலும் இதே கணக்கு. அந்த 131 எவை என்பதும் மாறாது. இன்ன செல்லின் இன்ன மகள், பிறந்து இத்தனையாவது நிமிஷம் வாக்கில் சாகும் என்று பட்டியலே இருக்கிறது. ஜான் சல்ஸ்டன் என்ற மனிதர் நுண்ணோக்கி முன்னால் நாள்கணக்காக உட்கார்ந்து, ஒவ்வொரு செல்லாகப் பின்தொடர்ந்து, கையால் வரைந்து எடுத்த வம்சாவளி அது. 131-இல் 105 நரம்பு வம்சத்துச் செல்கள் என்றறிந்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. வாழும் நியூரான்கள் 302. ஏறக்குறைய மூன்று பிழைக்க ஒன்று போகிறது.

அந்த ஞாயிற்றுக்கிழமை பழவேற்காட்டுக்குப் போய் மாமாவிடம் இதைத்தான் கொட்டினேன். திண்ணையில் உட்கார்ந்து கிழிந்த வலையைச் சரிசெய்துகொண்டிருந்தார்.

"செத்துப் போறத பாத்துட்டு வந்து இன்னாம்மா இவ்ளோ சந்தோஷமா சொல்றே?"

"அதுங்க செத்தாத்தான் மாமா நரம்பு சரியா அமையும்."

"அப்போ முடிச்சு போட்டுட்டு மிச்ச நூல அறுக்கறோமே, அந்த மாதிரின்னு சொல்லு." கையிலிருந்த நூல்முனையை அறுத்துக் காட்டினார். பிறகு ஒரு கேள்வி கேட்டார் பாருங்கள், எத்தனையோ வகுப்பில் எந்தப் பிள்ளையும் கேட்காத கேள்வி: "இங்க நான் அறுக்கறேன். அங்க யாரு அறுக்கறது?"

யாருமில்லை. செல் தன்னைத்தானே அறுத்துக்கொள்கிறது. கத்தி பிறவியிலேயே அதனிடம் இருக்கிறது. அந்தக் கத்தியை வெளியே எடுக்கவிடாமல் ஒரு புரதம் இன்னொரு புரதத்தை இறுகப் பிடித்துக்கொண்டிருக்கிறது. அந்தப் பிடி இருக்கும்வரை உயிர். இதை மாமாவுக்குச் சொல்லப்போய் எனக்கே முழுசாக விளங்கியது.

செட்-3 என்பதுதான் கத்தி. புரதங்களை வெட்டும் புரதம். உறைக்குள் கிடக்கும்போது ஒன்றும் செய்யாது. செட்-4 அந்தக் கத்தியை உருவும் கை. செட்-9 அந்தக் கையை மைட்டோகாண்ட்ரியாவின் வெளிச்சுவரில் பிடித்து வைத்திருக்கும் காவல். எகல்-1 என்று நான்காவதாக ஒரு குட்டிப் புரதம். சாகவேண்டிய செல்லில், சாகவேண்டிய நேரத்தில்தான் அது உற்பத்தியாகும். எகல்-1 வந்து செட்-9-இன் மேலுள்ள ஒரு பள்ளத்தில், சுருள் வடிவத் துண்டு ஒன்றால், அச்சு வார்த்ததுபோல் பொருந்துகிறது. பொருந்தியதும் செட்-9-இன் உருவம் மாறுகிறது. பிடி நழுவுகிறது. செட்-4 விடுபடுகிறது.

இதன் அழகை எப்படிச் சொல்வேன்! 2005-இல் இந்தப் பிடியையே படமெடுத்துவிட்டார்கள். ஒரே ஒரு செட்-9, இரண்டு செட்-4-களைச் சேர்த்துப் பிடித்திருக்கிறது. இரண்டில் ஒன்றைத்தான் தொடுகிறது, மற்றது தொட்டதைத் தொட்டுக்கொண்டு நிற்கிறது. விடுபட்ட ஜோடிகள் நான்கு கூடினால் எட்டுப் பேர் கொண்ட ஒரு வளையம். 2010-இல் அந்த வளையத்தின் படமும் வந்தது. அதன் புனல் போன்ற நடுவில் செட்-3-கள் நெருக்கமாக வந்து சேர்கின்றன, சேர்ந்ததும் விழித்துக்கொள்கின்றன. இவற்றுக்குக் கண் இல்லை, காது இல்லை, புத்தி இல்லை. மேடும் பள்ளமும், ஒட்டும் பரப்பும் ஒட்டாத பரப்பும் மட்டும்தான் இருக்கின்றன. இவ்வளவை வைத்துக்கொண்டு ஒரு மூளை எத்தனை செல்லோடு அமையவேண்டும் என்று தீர்மானமாகிறது என்றால், இதற்கு மேல் அதிசயம் என்று எதைச் சொல்வது?

எகல்-1-க்கு அந்தப் பெயர் வந்த கதை எனக்கு உயிர். பெண் பக்கத்து வேலை செய்யும் இருபால் புழுவுக்கு எச்எஸ்என் என்று இரண்டு நியூரான்கள் உண்டு. முட்டையிடும் தசைக்குக் கட்டளை அவற்றிடமிருந்துதான். ஆண் புழுவுக்கு முட்டை ஏது? அதனால் ஆண் கருவில் அந்த இரண்டும் சாகின்றன. முட்டையிட முடியாமல் வயிறு உப்பித் திணறிய சில இருபால் புழுக்களை ஆராய்ந்தபோது, அவற்றில் எச்எஸ்என் நியூரான்கள் செத்துப்போயிருந்தது தெரிந்தது. சாகக்கூடாத இடத்தில் எகல்-1 விழித்துவிட்டிருக்கிறது. முட்டையிடுவதில் கோளாறு என்பதன் ஆங்கிலச் சுருக்கமே அந்த மரபணுவின் பெயரானது. இதற்கு நேர் எதிரும் உண்டு. ஆணின் தலையில் சிஇஎம் என்று நான்கு நியூரான்கள் பிழைக்கின்றன. இருபால் புழுவில் அதே நான்கும் கருவிலேயே போய்விடுகின்றன. இந்தச் செல்கள் இரு வகைக் கருவிலும் பிறக்கின்றன. எது தங்குவது என்பதில் ஆண் நரம்பும் பெண் நரம்பும் பிரிகின்றன. வகுப்பில் இதைச் சொன்னபோது கடைசி பெஞ்சுப் பிள்ளை எழுந்து நின்று, "இன்னொரு வாட்டி சொல்லுங்க டீச்சர்" என்றான். சொன்னேன். மணி அடித்தும் சொன்னேன்.

செட்-3-ஐயும் செட்-4-ஐயும் 1986-இல் அடையாளம் காட்டியவர்கள் ராபர்ட் ஹார்விட்சும் அவருடைய மாணவி ஹிலரி எல்லிஸும். இவற்றில் ஒன்று பழுதானாலும் அந்த 131 சாவும் நின்றுபோகிறது. செத்திருக்க வேண்டியவை பிழைத்து, சில நியூரான்களாகவே மாறிவிடுகின்றன. ஹார்விட்ஸ், சல்ஸ்டன், புழுவை ஆய்வுக்கூடத்துக்குக் கொண்டுவந்த சிட்னி பிரென்னர் மூவருக்கும் 2002-இல் நோபல் பரிசு. என்னைக் கேட்டால் அந்தப் புழுவுக்கும் ஒரு பங்கு கொடுத்திருக்கலாம்.

புழு நம்மிடமிருந்து எவ்வளவு தூரம்! ஆனால் கேளுங்கள். மனிதரின் ஒருவகை நிணநீர்ப் புற்றுநோயில் பிசிஎல்-2 என்ற மரபணு முன்பே கண்டெடுக்கப்பட்டிருந்தது. 1988-இல் டேவிட் வாக்ஸும் சகாக்களும் அது செல்லைப் பெருக்குவதில்லை, சாகவிடாமல் தடுக்கிறது என்று காட்டினார்கள். 1992-இல் வாக்ஸ் அந்த மனித மரபணுவைப் புழுவுக்குள் வைத்துப் பார்த்தார். சாகவேண்டிய புழுச் செல்கள் சாகவில்லை. நம் உடம்பின் புரதம் புழுவின் செல்லைக் காப்பாற்றியது. இரண்டு வருஷம் கழித்து, செட்-9-உம் பிசிஎல்-2-உம் ஒரே குடும்பம் என்று எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டுக் காட்டினார்கள். கோடிக்கணக்கான வருஷங்களாக அந்தக் குடும்பம் சாவுக்குக் காவல் நின்றுவருகிறது. படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை.

முதுகெலும்பு உள்ள உயிர்களில் கணக்கு இத்தனை கறாராக இருப்பதில்லை. அங்கே நடப்பது போட்டி. மாமா சட்டென்று பிடித்துக்கொண்டது இந்த இடத்தைத்தான், ஏனென்றால் பாடு என்பது அவர் வாழ்க்கை. ஏரியில் இறால் வலை கட்ட நல்ல இடங்கள் கொஞ்சம்தான், ஆட்கள் அதிகம். அதனால் சீட்டுக் குலுக்கி, முறைவைத்து, இன்றைக்கு உனக்கு, நாளைக்கு எனக்கு என்று பாட்டைப் பிரித்துக்கொள்கிறார்கள். கருவிலும் இடம் கொஞ்சம், நியூரான் அதிகம். ஆனால் முறை கிடையாது. தண்டுவடத்திலிருந்து கிளம்பும் நியூரான்கள் நீண்டு நீண்டு தசையைத் தேடிப் போகின்றன. போய்ச் சேரும் இடம் வளர்ச்சிக் காரணிப் புரதத்தைக் கொஞ்சமாகத்தான் சுரக்கிறது. எட்டிப் பிடித்து வாங்கிக்கொண்டவை வாழும். வாங்காதவை சாகும். கோழிக் கருவில் காலுக்குப் போகும் இயக்க நியூரான்களில் ஏறக்குறைய பாதி இப்படித்தான் போய்விடுகின்றன. விக்டர் ஹாம்பர்கர் கருவின் பக்கத்தில் கூடுதலாக ஒரு கால் மொட்டை ஒட்டவைத்தார்; இடம் கூடியதும் பிழைத்த நியூரான்களும் கூடின!

"அப்போ பாடு கெடச்சவன் பொழைக்கறான்" என்றார் மாமா. அவ்வளவுதான். பாடப்புத்தகத்தில் இரண்டு பக்கம் எழுதியிருப்பது அந்த ஒரு வரிதான்.

இத்தகைய வளர்ச்சிக் காரணி ஒன்றைக் கண்டுபிடித்த ரீட்டா லெவி-மோன்டால்சினியின் பெயரை உச்சரிக்கும்போதே எனக்குக் குரல் தழுதழுக்கும். இத்தாலியின் துரின் நகரத்து யூதப் பெண். 1938-இல் வந்த இனச் சட்டங்களால் பல்கலைக்கழக வேலை போனது. படுக்கையறையையே ஆய்வுக்கூடமாக்கிக்கொண்டார். தையல் ஊசியைத் தீட்டி அறுவைக் கருவி செய்தார். ஊரில் குண்டு விழும்போது கோழி முட்டைகளை வாங்கிவந்து, கருவைத் திறந்து, நரம்பு செல்கள் பிறந்து வளர்ந்த பிறகு சாவதைக் கண்டார். பிறகு ஹாம்பர்கர் அழைத்து அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் போனார். அங்கே ஸ்டான்லி கோஹனோடு சேர்ந்து நரம்பு வளர்ச்சிக் காரணி; 1986-இல் இருவருக்கும் நோபல். 103 வயதுவரை வாழ்ந்தார். முட்டை உடைக்கும்போதெல்லாம் அவர் நினைவு வருகிறது.

இந்த நரம்பு வளர்ச்சிக் காரணி வந்து சேர்ந்தால் நியூரானுக்குள் என்ன ஆகிறது? டிஆர்கே-ஏ என்ற ஏற்பி அதைப் பிடிக்கிறது. ஏகேடி என்ற நொதிக்குச் செய்தி போகிறது. அது பேட் என்ற சாவுத்தூதன் புரதத்தின் மேல் ஒரு பாஸ்பேட்டை ஒட்டிவிடுகிறது. ஒட்டியதும் 14-3-3 என்ற புரதம் பேடைக் கட்டிப்பிடித்து மைட்டோகாண்ட்ரியா பக்கமே போகவிடாமல் வைத்துக்கொள்கிறது. காரணி வரவில்லையென்றால்? ஜேஎன்கே என்ற நொதி விழிக்கும். சி-ஜன் என்ற புரதம் வேலை தொடங்கும். பிம், ஹரகிரி முதலான தூதர்கள் உற்பத்தியாவார்கள். இவர்கள் பிசிஎல்-2 குடும்பத்துக் காவலர்களின் பள்ளத்தில் போய் உட்கார, பேக்ஸ் என்ற புரதம் விடுபட்டு மைட்டோகாண்ட்ரியாவின் வெளிச்சுவரில் துளையாகக் கூடிவிடுகிறது.

முகத்துவாரத்தை நினைத்துக்கொள்ளுங்கள். எங்கள் ஏரிக்கும் கடலுக்கும் நடுவில் மணல் மேடிட்டு அடைத்துக்கொள்ளும். அதை வெட்டித் திறந்தால்தான் கடல்நீர் வந்து இறால் குஞ்சு ஏறும், குப்பம் பிழைக்கும். செல்லில் தலைகீழ்: மைட்டோகாண்ட்ரியாவின் வாய் அடைத்திருக்கும்வரை உயிர், பேக்ஸ் திறந்துவிட்டால் சைட்டோகுரோம் சி வெளியே கொட்டும். வாழ்நாள் முழுக்க மூச்சுச் சக்திக்கு உழைத்த புரதம் அது! வெளியே வந்ததும் ஏபாஃப்-1 என்ற புரதத்தோடு சேர்கிறது. ஏழு ஏபாஃப்-1 கூடி ஏழு ஆரக்கால் சக்கரமாகின்றன. சக்கரத்தின் நடுவில் காஸ்பேஸ்-9 என்ற கத்திப் புரதம் விழித்து, காஸ்பேஸ்-3 என்ற இன்னொரு கத்தியை விழிக்கவைக்கிறது. புழுவின் எட்டுப்பேர் வளையம்தான் நம்மில் ஏழு ஆரச் சக்கரமாக நிற்கிறது. காஸ்பேஸ்-3 இல்லாமல் பிறக்கவைத்த சுண்டெலிகளில் மூளை செல்கள் மிதமிஞ்சிப் பெருகி, மடிப்பும் பிதுக்கமுமாக இருந்ததை 1996-இல் கண்டார்கள். பேக்ஸ் இல்லாத சுண்டெலியின் பரிவு நியூரான்களோ, வளர்ச்சிக் காரணியைப் பறித்த பின்னும் அசையாமல் வாழ்ந்தன.

நம் நாட்டிலும் இந்தப் பாதையில் நடந்தவர்கள் உண்டு. மும்பை டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்திலும் பெங்களூரு தேசிய உயிரியல் அறிவியல் மையத்திலும் பணியாற்றிய வெரோனிகா ரோட்ரிக்ஸ், பழ ஈயின் மோப்ப உறுப்பு உருவாவதில் செல் இறப்பின் பங்கையும் ஆராய்ந்தவர். ஈயில் ரீப்பர், ஹிட், கிரிம் என்று மூன்று தூதர்கள். அங்கே காவல் புரதமே வேறு வகை; ஆனால் தூதர் வந்ததும் பிடி தளர்வது அதே கதை.

என்னை மிகவும் உருக்கியது இதற்கு அடுத்த பகுதி. போட்டி முடிந்து இடம்பிடித்த நியூரான், சாவின் கருவிகளையே குறைத்துக்கொள்கிறது. வளர்ந்த மூளையில் ஏபாஃப்-1 வெகுவாகக் குறைந்துவிடுகிறது, பேக்ஸும் அப்படியே. அதற்குப் பிறகு கொஞ்சம் சைட்டோகுரோம் சி கசிந்தாலும் சக்கரம் எளிதில் கூடாது. தோல் செல்லுக்கு மாற்று வரும், குடல் செல்லுக்கு மாற்று வரும். பெரும்பாலான நியூரான்களுக்கு வராது. எழுபது எண்பது வருஷம் தாங்கவேண்டும். மாமாவுக்கு எழுபத்திரண்டு. இரவில் நட்சத்திரம் பார்த்துத் துறை சேரும் அந்த மூளையில் இருப்பவற்றில் பல, அவர் அம்மாவின் வயிற்றிலேயே பாடு பிடித்த அதே செல்கள். அவரிடம் அதைச் சொன்னேன். வலையைக் கீழே வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசாமல் ஏரியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இதையெல்லாம் வைத்து மருந்து ஏதாவது உண்டா என்று கேட்பவர்களுக்கு: எகல்-1 எப்படிப் பள்ளத்தில் உட்காருகிறதோ, அப்படியே பிசிஎல்-2-இன் பள்ளத்தில் உட்காரும் வெனிடோகிளாக்ஸ் என்ற மாத்திரை 2016-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்று, ரத்தப் புற்றுநோய்க்குப் பயன்படுகிறது. சாக மறுக்கும் செல்லுக்குச் சாகக் கற்றுத்தரும் மாத்திரை.

இந்தச் சாவுக்கு 1972-இல் கெர், வில்லி, கரி மூவரும் வைத்த பெயர் அப்பாப்டோசிஸ். மரத்திலிருந்து இலை உதிர்வதைக் குறிக்கும் கிரேக்கச் சொல். நம் பாடநூலில் திட்டமிடப்பட்ட செல் இறப்பு என்று போட்டிருக்கிறது. வகுப்பில் நான் செல் உதிர்வு என்றே சொல்கிறேன். பிள்ளைகளுக்கு உடனே பிடிபடுகிறது.

புழுவைப் பார்க்க நுண்ணோக்கி வேண்டும். அது எல்லாருக்கும் கிடைக்காது. ஆனால் வளரும் மனித மூளையைப் பார்க்க இன்று ஒரு கைப்பேசி போதும். சென்னை ஐஐடியின் சுதா கோபாலகிருஷ்ணன் மூளை மையம், மோகனசங்கர் சிவப்பிரகாசம் தலைமையில், கருவிலுள்ள மனித மூளைகளை மெல்லிய தகடுகளாக வெட்டிச் சாயமேற்றிப் படமெடுத்து, தரணி என்ற பெயரில் 2024 டிசம்பரில் வெளியிட்டது. மொத்தம் 5,132 வெட்டுகள். 14, 17, 21, 22, 24-ஆம் வாரங்களின் மூளைகள். செல் அளவுக்கு நெருங்கிப் பார்க்கலாம். இந்த வாரங்களில்தான் செல்கள் பிறந்து, நகர்ந்து, அடுக்கடுக்காக அமர்கின்றன. சில உதிர்ந்தும் போகின்றன. கிண்டியில் நம் பிள்ளைகள் செய்த வேலை இது. அனுப்பம்பட்டு வீட்டில், கொசுவலைக்குள் உட்கார்ந்து, நள்ளிரவில் முதன்முறை அதைத் திறந்தபோது சத்தம் போட்டு வீட்டிலிருப்பவர்களை எழுப்பிவிட்டேன். அம்மாவும் எழுந்து வந்து பார்த்தார். "நான் உன்ன சுமந்தப்ப இதெல்லாமா நடந்துச்சு?" என்று மட்டும் கேட்டார்.

தரணி இலவசம். இணையத்தில் இருக்கிறது. இன்றிரவே திறந்து, 14-ஆம் வாரப் படத்தையும் 24-ஆம் வாரப் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். வீட்டில் பிளஸ் டூ படிக்கும் பிள்ளை இருந்தால் கூடவே உட்காரவைத்துக்கொள்ளுங்கள்.